சோடா மூடிப் பூ

என் வசந்தாக் கண்ணுக்கு, நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று தெரிந்தும் உன் அண்ணாத்த எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டு என்ன செய்ய? நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. உனக்கென்ன, போன மாதம் வரை நான் யாருக்குமே எழுதியதில்லை. இப்போது பக்கத்தில் உன் மகள் நிர்மலா உட்கார்ந்து, நான் போடுகிற சின்ன ‘ர’வை எல்லாம் பெரிய ‘ற’வாகத் திருத்திக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை மியூசியத்து அம்மா தங்கள் சிறுவர் இதழில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். லட்சம் பேர் படிக்கப் போகிறார்கள், வசந்தா.

நீ உள்ளங்கையை விரிப்பது தெரிகிறது. சரி, ஐம்பதாயிரம்.

படிக்கிறவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நான் எதைச் சொன்னாலும் என் தங்கை வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, “அண்ணாத்த, பாதி” என்பாள். மீன்காரியிடம் விலையைக் குறைக்கிற மாதிரி. பாலாற்றில் பத்தடி நீளப் பாம்பைப் பார்த்தேன் என்றால், “பாதி.” மாமல்லபுரத்தில் என் ஆட்டோவில் ஒரே நேரத்தில் எட்டு வெள்ளைக்காரர்களை ஏற்றினேன் என்றால், “பாதி.” ஆறாம் வகுப்பு வரை படித்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அதற்கும் பாதிதான். அவள் சொன்னால் கணக்குத் தப்பாது.

நீ போன பிறகு எனக்குக் குறைத்துச் சொல்ல ஆளில்லை. அதனால் நான் வளர்ந்துகொண்டே போய்விட்டேன்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தெரு இப்போது இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழுந்து உள்ளே வந்தது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குக் கீழே உன் வீடும் என் வீடும் ஒட்டிக்கொண்டு நின்றனவே, ரெண்டும் போயின. ரெண்டு வீட்டிலும் இருந்த நாங்கள் நான்கு பேரும் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தோம். திரும்பி வந்தபோது சுவர் இல்லை, கூரை இல்லை. உன் கல்யாணப் புடவை, உன் பித்தளைக் குடம், ஆணியில் மாட்டியிருந்த உன் ஒரே போட்டோ, எல்லாவற்றையும் தண்ணீர் எடுத்துக்கொண்டது. உன் வீட்டுக்காரன் ராஜேந்திரன் மூன்று நாள் மணலைக் கிளறினான். அந்தப் போட்டோவைத்தான் தேடினான். சட்டம்கூடக் கிடைக்கவில்லை.

நீ போனபோது நிர்மலாவுக்கு மூன்று வயது. போட்டோ இருந்தவரை அதைப் பார்த்து உன் முகத்தை வைத்திருந்தாள். அதுவும் போன பிறகு ஒரு நாள் என் மனைவி மங்காவிடம் கேட்டிருக்கிறாள்: “அத்த, அம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?” மங்கா இடது பக்கம் என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதிருக்கிறாள்.

ராஜேந்திரன் உன்னைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அணுமின் நிலையத்தில் பெயின்ட் அடிக்கப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். உன் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். ஆக, அந்தக் குழந்தைக்கு உன்னைப் பற்றிச் சொல்ல நான் ஒருவன்தான். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

நீ சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வரைக்கும் கடலில் நீந்திப் போனாய் என்றேன். நீ ரேடியோவில் பாடி, அதைக் கேட்டு ரேடியோக்காரர்களே அழுதார்கள் என்றேன். செங்கல்பட்டு கலெக்டர் உன்னைப் பார்த்து எழுந்து நின்றார் என்றேன். வேறு என்ன செய்வேன்? நிஜத்தைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தால் ரெண்டு வார்த்தைக்கு மேல் நகரவில்லை. பொய் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

இப்போது மியூசியத்துக்கு வருகிறேன்.

மாமல்லபுரத்திலிருந்து நம் ஊருக்கு வரும் சாலையில் ஒரு சரித்திர மியூசியம் கட்டினார்கள். கீழே பழைய காலத்துச் சாமான்கள், மாடியில் குழந்தைகள் பகுதி. கட்டி முடித்த வருஷம் ஒரு ஜீப் ஊர் ஊராக வந்தது. பழைய பொருள் ஏதாவது இருந்தால் கொடுங்கள், கொடுக்கிறவர் பேரை அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குள் வைப்போம் என்றார்கள். ஒருத்தர் நெல் அளக்கிற மரக்கால் கொடுத்தார், இன்னொருத்தர் துருப்பிடித்த நங்கூரம் கொடுத்தார். எனக்குக் கை பரபரத்தது. கடற்கரைக் கோயிலைப் பற்றி உலகத்துக்கே விளக்கம் சொல்கிற ஏழுமலையின் பேர் மியூசியத்தில் இல்லாமல் போகலாமா?

என்னிடம் இருந்தது உன் யானை ஒன்றுதான், வீட்டில் யாருக்கும் காட்டாமல் ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன்.

பாலாற்றங்கரைச் சூளையில் அப்பாவும் அம்மாவும் செங்கல் அறுத்த காலம். உனக்கு ஒன்பது வயது. மண்ணைக் குழைத்து, கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு யானை செய்தாய். சூளை அடுக்கும்போது மேஸ்திரிக்குத் தெரியாமல் கற்களுக்கு நடுவே ஒளித்து வைத்தாய். பிரித்தபோது சிவக்கச் சிவக்க வெந்து வந்தது. கல்யாணமாகிப் போகிற அன்றைக்கு அதை என் கையில் வைத்து, “நீயே வெச்சிக்கோ அண்ணாத்த, உனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வோணும்ல” என்றாய்.

அதை நான் ஜீப்பில் கொடுத்துவிட்டேன், வசந்தா. டச்சுக்காரன் கோட்டை அகழியில் புல் அறுக்கும்போது பத்தடி ஆழத்தில் கிடைத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். நீ போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்போது போட்டோ இருந்தது, புடவை இருந்தது, குடம் இருந்தது. ஒரு யானை போனால் என்ன என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் “மியூசியத்துல நம்ம பேரு கீது சார்” என்பேன். வீட்டிலும் அதே பேச்சு. கடைசியில் மங்காவுக்கே பொறுக்கவில்லை. “இன்னாயா, சொல்லிகினே கீறியே, ஒரு நாளாவது இட்டுகினு போய்க் காட்டினியா? பேரு கீதா இல்லியான்னு நானும் பாக்கறேன்” என்றாள். அதனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். ராஜேந்திரன் வரமாட்டேன் என்றான். நிர்மலா கையைப் பிடித்து இழுத்ததால் வந்தான்.

கீழே கல், பானை, பாய்மரக் கப்பல் எல்லாம் பார்த்தோம். மாடியில் ஆளைக் குண்டாகக் காட்டுகிற கண்ணாடி ஒன்று இருக்கிறது. மங்கா அதன் முன்னால் நின்று, “இத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்? வூட்டுக் கண்ணாடியே இப்டித்தான் காட்டுது” என்றாள். அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ராஜேந்திரன்கூட லேசாகச் சிரித்தான்.

அதற்கு அடுத்துத்தான் பழைய காலத்து விளையாட்டுப் பொருட்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி. நடுவில் உன் யானை. கீழே வெல்வெட்டுத் துணி, மேலே குட்டி பல்பு. நிர்மலா அட்டையைச் சத்தமாகப் படித்தாள்:

“சுடுமண் யானை. சதுரங்கப்பட்டினம் கோட்டை அகழியில் கிடைத்தது. முதுகில் மலர் அலங்காரம். ஒரு காது காலத்தால் சிதைந்துள்ளது. வழங்கியவர் திரு. ஏழுமலை.”

என் பேரைக் கேட்டதும் எனக்கு ஒரு முழம் உயரம் கூடியது. பக்கத்தில் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, அகழியில் இறங்கினேன், பாம்பு சீறியது, மண்வெட்டி ‘டங்’ என்றது என்று எடுத்துவிட்டேன். ஆனால் நிர்மலா கதையைக் கேட்கவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தாள்.

“மாமா, வயித்துப் பக்கம் பாரு. கட்ட வெரல் தடம் அப்டியே கீது. ரேக கூடத் தெரியுது.”

“ஆமா கண்ணு. அந்தக் காலத்துல…”

“செஞ்சவங்க செத்துப் போயி எவ்ளோ வருசம் ஆயிருக்கும். கை மட்டும் அப்டியே கீது.” பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “எங்கம்மா கை பட்டது எதுவுமே இல்ல, இல்ல மாமா?”

வசந்தா, பாம்பும் மண்வெட்டியும் என் வாயிலேயே நின்றுவிட்டன. அந்த இடத்தில் உன் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் கூட்டாமல் ஒரு வார்த்தை சொன்னான்.

“அது உங்கம்மா செஞ்சது கண்ணு.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் சுருங்கிப் போயிற்று.

“போ மாமா. அம்மா கடல்ல நீந்துனாங்கன்ன. ரேடியோல பாடுனாங்கன்ன. ஸ்கூல்ல போயிச் சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. அப்பாவக் கேட்டா பேச மாட்டாரு. நீ பேசினா எது நெசம்னு தெரியல. இப்ப இதுவும் அம்மாதுன்ற. இந்தப் பொம்மயக்கூட வுட மாட்டியா?”

சொல்லிவிட்டு அழுதாள். மங்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, “இன்னாயா மனுசன் நீ, கொயந்தகிட்டயா உன் கதைய வுடுவ?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பேச்சுச் சத்தம் கேட்டு மியூசியத்து அம்மா வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட, பொறுமையான அம்மா. நான் அவர்களிடமும் சொன்னேன்.

“இது அகழியில எடுத்தது இல்லமா. என் தங்கச்சி சூளையில சுட்டது. நான் பொய் சொல்லிக் குடுத்துட்டேன்.”

அவர்களும் நம்பவில்லை. “ஐயா, இதைப் பார்த்தவங்க எல்லாரும் பழசுன்னுதான் சொன்னாங்க. குழந்தை அழுவுதுன்னு இப்படிச் சொல்றீங்களா? அந்தப் பூ வேலைப்பாட்டைப் பாருங்க, எவ்வளவு நுணுக்கம்!”

“அது பூ இல்லமா. சோடா மூடி.”

பொய் சொன்னபோது ஜீப் நிறைய ஆள் நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது என் பெண்டாட்டிகூட நம்பவில்லை. எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது. நீ இருந்திருந்தால் இந்த ஒரு தடவை கையை விரித்திருக்க மாட்டாய்.

எதிரே இருந்த பெட்டிக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் காலடியில் கலர் பாட்டில் மூடிகள் கிடந்தன. ஓரம் சுற்றி வளைவு வளைவாக மடித்த தகர மூடிகள். ஒரு கை அள்ளிக்கொண்டு படியேறினேன். மூச்சு வாங்கியது. மியூசியத்து அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்கள். யானையின் முதுகில் இருந்த பூவின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. திருப்பிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். “மூணு வருஷமா இதைக் காட்டித்தான் பசங்களுக்குப் பாடம் சொல்லிட்டு இருக்கேன்” என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நிர்மலா அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பூவையே பார்த்தாள். பிறகு தன் அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, இந்தப் பூ நம்ம பழைய வூட்டு வாசப்படில கீதுல்ல? நான் அதும் மேல குதிச்சி ஆடுவேனே.”

ராஜேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கம்போல வெளியே போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

“ஆமா” என்றான். “சிமிட்டி போட்ட அன்னிக்கி, ஈரம் காயறதுக்குள்ள ஓடியாந்து மூடிய வெச்சி அமுக்கினா. கொத்தனாரு கத்தறாரு. இவ சிரிக்கறா. ஏழு பூ வெச்சா. ஏன்டி ஏழுன்னேன். எங்க அண்ணாத்த ஏழுமலைக்கின்னா.”

ஒன்பது வருஷத்தில் அவன் உன்னைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ஏழு எனக்காக என்று எனக்கே தெரியாது, வசந்தா. நீ ஏன் சொல்லவில்லை? சொன்னால் பதினாலு என்று ஊரெல்லாம் சொல்வேன் என்றா?

யானையைத் திருப்பித் தர மியூசியத்தில் ஒரு கடிதம் கேட்டார்கள். அதை நானே என் கையால் எழுத வேண்டும். ‘இந்தப் பொருள் கோட்டை அகழியில் கிடைத்தது என்று நான் சொன்னது பொய்’ என்று எழுதினேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன். நிர்மலா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். என் பேர் இருந்த அட்டையை அந்த அம்மா எடுத்துக் குப்பையில் போடவில்லை, என் கையிலேயே கொடுத்தார்கள். வருகிறவர்களுக்குக் காட்ட நான் அதை ஆட்டோவில் வைக்கவில்லை. மங்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக நம் பழைய தெருவுக்குப் போனோம். வெயில் தாழ்ந்திருந்தது. ராஜேந்திரன் முட்டி போட்டு, கையாலேயே மணலைத் தள்ளினான். கடல் சுவரையெல்லாம் எடுத்தது, தரையை எடுக்கவில்லை. வாசற்படி கிடைத்தது. ஒரு பூ, ரெண்டு பூ என்று நிர்மலா எண்ணினாள். ஆறுதான் இருந்தன. ஏழாவது இருந்த மூலை உடைந்து போயிருந்தது. பரவாயில்லை, ஏழாவது யானை மேல் இருக்கிறது என்றாள் மங்கா.

நிர்மலா யானையை மடியில் வைத்துக்கொண்டு, வயிற்றில் இருந்த உன் விரல் தடத்தில் தன் கட்டை விரலை வைத்தாள். வைத்துவிட்டு எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. விரல் உள்ளே இறங்கவில்லை.

“மாமா,” என்றாள், “அம்மா என்ன வுட சின்னப் பொண்ணா கீது.”

எனக்கு அங்கே ஏதாவது ஒரு கதை விடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. விட்டிருந்தால் நானும் கொஞ்சம் தாங்கியிருப்பேன். அதற்குப் பதிலாக உன் கையைப் பற்றிச் சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் நீ உள்ளங்கையை விரித்து ‘பாதி’ என்பதைச் சொன்னேன். “நீயும் இனிமே அப்டிச் சொல்லு கண்ணு, மாமா கொறச்சிக்கறேன்” என்றேன்.

அவள் யோசித்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பாதி வாணாம் மாமா. முழுசா சொல்லு. ஆனா நெசம்.”

அதனால் சொன்னேன், வசந்தா. யானையின் காது காலத்தால் சிதையவில்லை, நான் உன்னோடு சண்டை போட்டு உடைத்தது, நீ அதற்காக ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை என்பதில் ஆரம்பித்தேன். உனக்கு நீந்தவே தெரியாது, முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்க மாட்டாய் என்றேன். பாட்டு பாடுவாய், ஆனால் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும் என்றேன். அவள் சிரித்தாள். ராஜேந்திரனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

பிறகு யாருக்கும் சொல்லாததையும் சொன்னேன். மஞ்சள் காமாலையில் நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நாலு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறு சொன்னார். நீ கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்கு வெளியே கையை எடுத்து, மெல்ல உள்ளங்கையை விரித்தாய்.

ரெண்டு நாள்தான் இருந்தாய்.

அந்தக் கையை நினைக்காத நாளில்லை எனக்கு. நிர்மலாவைக் கூட்டிக்கொண்டு வா என்று நீ கேட்டாய். குழந்தை பயந்துவிடும், வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை உனக்கு வரவேயில்லை. இதையும் அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. யானையைப் பார்த்துக்கொண்டே, “என்னக் கேட்டாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “நெசமாவா?” என்றாள். நெசம் என்றேன். நம்பினாள்.

இப்போது அந்த யானை எங்கள் புதுக் குடியிருப்பில், நிர்மலா படிக்கிற மேசையில் நிற்கிறது. கடல் அங்கிருந்து தூரம். ராஜேந்திரன் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறான். நேற்று தானாகவே, “அவளுக்குக் கருவாட்டு வாசம் புடிக்காது” என்றான். மங்காவும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

ஆட்டோவில் வருகிறவர்களுக்கு நான் பழையபடிதான் கதை விடுவேன். அதைத் தடுக்காதே, அது என் பிழைப்பு. ஆனால் உன் மகளிடம் உன்னைப் பற்றிப் பேசும்போது ஒரு சொல் கூட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் தீர்ந்து போகிற நாள் வரும். அன்றைக்கும் புதிதாக ஒன்றைக் கட்ட மாட்டேன். இவ்வளவுதான் கண்ணு உங்கம்மா, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்வேன். இந்த வாக்கில் நீ பாதி குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
யானையின் காதை உடைத்த,
ஆறு பூ மிச்சம் வைத்திருக்கிற
உன் அண்ணாத்த ஏழுமலை